இரதத்துக்கு ஏன் பழைய ஹைலக்ஸ்?



ஒரு வாரமா நம்ம ஆலய வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் சுத்துது. "சாமி இரதத்தை இழுக்க இருபது வருசத்துக்கு மேலான பழைய பிக்கப்பா? அதே காசுக்குப் புதுசா ஒண்ணு கிடைக்காதா?" கேட்டதில் தப்பே இல்ல. உண்டியல்ல போட்டதும் நீங்கதான், லயத்து வீடு வீடா இருபது, முப்பது வெள்ளின்னு கொடுத்ததும் நீங்கதான். வண்டியப் பார்த்து வாங்குற பொறுப்பைச் செயலவை என்கிட்ட விட்டுச்சு. அதனால பதிலும் நானே சொல்றேன். கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒண்ணு கலக்கிட்டு உக்காருங்க.

முதல்ல போன திருவிழா ராத்திரி நடந்ததைச் சொல்லணும். பாதிப் பேருக்கு அரைகுறையாத் தெரியும். "பிரேக் கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு"ன்னு அன்னைக்கு நானே சொல்லி மழுப்பிட்டேன். கொஞ்சம் இல்ல.

அந்த வருசம் வண்டி இரவல். அதையும் பார்த்துச் சரின்னு சொன்னவன் நான்தான். சாயங்காலம் வெறும் இரதத்தை மாட்டி மேட்டுல ஏத்திப் பார்த்தேன், ஜம்முன்னு ஏறுச்சு. போதும்னு விட்டுட்டேன். இறக்கத்துல நிக்குதான்னு ஒரு தடவை கூடப் பார்க்கல. ராத்திரி பத்து மணிக்கு மேல, தூறல்ல, தோட்டத்துச் சடக்கு இறக்கத்துல வரும்போது பெடல் பஞ்சு மாதிரி இறங்கிடுச்சு. ஆறு மணியிலிருந்து வீட்டுக்கு வீடு நின்னு நின்னு வந்ததுல பிரேக் அந்தளவுக்குச் சூடு. சூடு ஏறினா பிரேக் எண்ணெய் கொதிச்சு குழாயில ஆவி நிக்கும், அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்காது. பின்னால இரதம் தள்ளுது. முன்னால கோலாட்டப் பிள்ளைங்க. கையில பிரேக்கை இழுத்து, முதல் கியர்ல போட்டு, நான் கத்தின கத்துல நம்ம இளைஞர் பிரிவுத் தம்பிங்க ரெண்டு பேர் கட்டையைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில போட்டாங்க. வண்டி நின்ன இடத்துக்கும் கடைசிப் பிள்ளைக்கும் நடுவுல ரெண்டு முழம் இருக்கும். அந்தப் பிள்ளை திரும்பிக் கூடப் பார்க்கல, கோலை அடிச்சுக்கிட்டே போயிடுச்சு.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து நான் சாப்பிடல. மறுநாள் தலைவர்கிட்ட, "இனிமே நான் ஓட்டமாட்டேங்கய்யா"ன்னேன். அவர், "நீதான்டா ஓட்டணும், உனக்குத்தான் பயம் வந்திருக்கு"ன்னுட்டார்.

தேயிலை ஃபேக்டரியில முப்பது வருசமா மெசினோட கிடக்கிறவன் நான். ரோலர் சத்தத்தை வச்சே பேரிங் போகப் போகுதுன்னு சொல்லிடுவேன். ஆனா ஃபேக்டரியில மெசின் நின்ன இடத்துல ஓடும். மலைச் சடக்குல ஆளுங்களுக்கு நடுவுல ஓடுற பாரத்தைப் பத்தி எனக்கு அவ்வளவு தெரியலன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு.

வண்டி தேடுறதுக்கு முன்னால செஞ்ச முதல் வேலை, இரதத்தை எடை போட்டது. "நம்ம இரதம் ஒரு டன்தான்"னு எல்லாரும் பல வருசமா சொல்லிக்கிட்டிருந்தோம். காய்கறி லோரி எடை போடுற பாலத்துல ஏத்தினா 1,640 கிலோ. அதுவும் வெறும் இரதம். அர்ச்சகர், உதவிக்கு ரெண்டு பேர், ஜெனரேட்டர், பூ அலங்காரம் எல்லாம் சேர்த்தா ரெண்டு டன்னைத் தொட்டுடும். பிக்கப்போட கையேட்டைப் புரட்டினா, சொந்தப் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்குப் பெரும்பாலும் 750 கிலோதான் அளவு போட்டிருக்கும். விளம்பரத்துல சொல்ற ரெண்டரை டன், மூன்றரை டன் எல்லாம் ட்ரெய்லருக்குச் சொந்தப் பிரேக் இருந்தா மட்டும். நம்ம இரதத்துக்குப் பிரேக்கே கிடையாது. அப்போ எவ்வளவு புதுப் பிக்கப் வாங்கியும் என்ன பிரயோஜனம்?

தமிழ்நாட்டுல திருவாரூர் ஆழித்தேர் கேள்விப்பட்டிருப்பீங்க. அவ்வளவு பெரிய தேரை ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிச்சு இழுத்துடலாம், நிறுத்துறதுதான் கஷ்டம். அந்தக் காலத்துல முட்டுக்கட்டை போடுறவங்க சக்கரத்துப் பக்கத்துலயே உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுவாங்க. பின்னாளில் திருச்சி பெல் நிறுவனம்தான் அந்தத் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செஞ்சு கொடுத்துச்சு. சமதரையில ஓடுற தேருக்கே பிரேக் வேணும்னா, மலையில ஓடுற நம்ம இரதத்துக்கு வேணாமா?

அதனால சேர்ந்த 31,000 வெள்ளியில முதல் 4,800 இரதத்துக்கே போச்சு. புது அச்சு, சக்கர பிரேக், முன்னால தள்ளுப் பிரேக் கொக்கி. பிக்கப் வேகம் குறையும்போது இரதம் முன்னால தள்ளும் பாருங்க, அந்தத் தள்ளுற அழுத்தமே ஒரு தண்டை அமுக்கி இரதத்தோட சக்கரத்தைப் பிடிக்க வைக்கும். தனியா ஒரு கைப்பிரேக்கும் உண்டு. ஜே.பி.ஜே. சம்பந்தப்பட்ட தாள் வேலையைச் செயலாளர் பார்க்கிறார். "இது கண்ணுக்கே தெரியாத செலவு"ன்னு கூட்டத்துல ஒரு அண்ணன் சொன்னார். ஆமாண்ணே, தெரியாது.

இனி வண்டி.

டீசல்தான் வேணும்னு ஆரம்பத்திலேயே முடிவு. இரதம் போறது மனுசன் நடக்குற வேகம். அந்த வேகத்துல, இஞ்சின் மெதுவாச் சுத்தும்போதே இழுவை வரணும். டீசலுக்கு அது இயல்பு. டர்போவும் வேணும். தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம், காத்து இங்க கீழ இருக்கிறதை விட மெல்லிசு. டர்போ இல்லாத இஞ்சின் தாப்பாவுல இழுக்குற மாதிரி இங்க இழுக்காது. 2024 ஜூன் 10-ல டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்கு ஏறினப்போ பொருளாளர் தலையில கை வச்சார். ஆனா நம்ம வண்டி வருசத்துல ஓடப்போற தூரத்துக்கு அது பெரிய கணக்கு இல்ல.

ரெண்டு மூணு பேர், "நம்ம மலைக்கு அடையாளமே லேண்ட் ரோவர்தானே, அதையே வாங்கலாமே"ன்னாங்க. எனக்கும் ஆசைதான். எங்க அப்பா காலத்திலிருந்து காய்கறித் தோட்டத்துல அதுதான் உழைச்சுக்கிட்டு இருக்கு. ஆனா இப்ப கைக்குக் கிடைக்கிறதெல்லாம் பத்துப் பேர் பத்து விதமா ஒட்டுப் போட்டது. பிரேக்கை நம்பி சாமியை ஏத்துற அளவுக்கு ஒண்ணும் கண்ணுல படல.

முதல் வண்டி கீழ ஒரு விற்பனைக் கடையில. 2016 மாடல், பளபளன்னு இருந்துச்சு, 29,000 வெள்ளி. நீங்க கேட்ட அதே "புது" வண்டி. போன உடனே இஞ்சின் மூடியில கை வச்சேன், சூடா இருந்துச்சு. டீசல் வண்டியக் குளிர்ந்த நிலையில முதல் ஸ்டார்ட்ல பார்த்தாத்தான் அதோட குணம் தெரியும். எவ்வளவு நேரம் சுத்துது, வெள்ளைப் புகை எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பார்க்கணும். முன்னாடியே சூடாக்கி வச்சவங்க எதையோ மறைக்கிறாங்கன்னு நான் நினைப்பேன். கூட வந்த மெக்கானிக் தம்பி பேசாம பின் சீட்டு பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தான். அடியில மண் நிறத்துல ஒரு கோடு. கம்பளத்தைத் தூக்கினா சீட்டு தண்டவாளத்துல துரு. 2021 டிசம்பர்ல ஷா ஆலாம் பக்கம் வந்த வெள்ளம் ஞாபகம் இருக்கும். நமக்குப் பக்கத்துலயே 2013 அக்டோபர்ல பெர்த்தாம் பள்ளத்தாக்குல வண்டிகளை அடிச்சுட்டுப் போனதைப் பார்த்தவங்கதானே நாம. இந்த வண்டி எந்தத் தண்ணியில கிடந்துச்சோ தெரியாது, ஆனா தண்ணியில கிடந்த வண்டி. மின்சார ஒயர் என்னைக்கு உள்ளுக்குள்ள அழுகும்னு சொல்ல முடியாது. கடைக்காரர் இன்னும் ரெண்டாயிரம் குறைக்கிறேன்னார். குறைக்கக் குறைக்க எனக்குப் பயம் கூடுச்சு.

ரெண்டாவது, நம்ம மலையிலேயே ஒரு காய்கறித் தோட்டத்து வண்டி. இஞ்சின் அருமை. எண்ணெய் ஊத்துற மூடியைக் கழட்டி, ஓடும்போதே துவாரத்து மேல கவுத்து வச்சேன், ஆடாம நின்னுச்சு. உள்ள அழுத்தம் கசிஞ்சா அது குதிக்கும். நான் கிட்டத்தட்ட மனசுல முடிவே பண்ணிட்டேன். அப்புறம் அடியில படுத்துப் பார்த்த தம்பி, "மாமா, சுத்தியல் கொடுங்க"ன்னான். சட்டத்தைத் தட்டினா, முன்னால டிங்குன்னு கேட்டுச்சு, பின் சக்கரத்துக்கு மேல தொப்புன்னு கேட்டுச்சு. இன்னொரு தட்டுல துரு பொலபொலன்னு கொட்டுச்சு. பல வருசமா கோழி எரு ஏத்தின வண்டி. அந்த எருத் தண்ணி இரும்பைத் தின்னுடும். கொக்கி மாட்டுறதே அந்த இடத்துலதான். தவுக்கே நல்ல மனுசன், ஒளிக்கல. "இது என் முள்ளங்கிய இழுக்கும், உங்க சாமிய இழுக்க வேணாம்"னு மலாய்ல சொல்லிட்டு, எங்களுக்கு ஒரு பை முள்ளங்கியும் கொடுத்தனுப்பினார்.

மூணாவதுதான் நம்ம வண்டி. 2003-ல பதிவான ஹைலக்ஸ், டர்போ டீசல், கை கியர், 19,500 வெள்ளி. பூ வளர்த்து வித்துக்கிட்டிருந்த ஒரு பெரியவரோடது. பூ கனமில்லாத சாமான், அதனால ஸ்ப்ரிங் பட்டை படுக்கல, சட்டத்துல வெல்டிங் ஒட்டு இல்ல. ஒரு சின்ன நோட்டுல எண்ணெய் மாத்தின தேதி, கிலோமீட்டர் எல்லாம் கையால எழுதி வச்சிருந்தார். மீட்டர்ல காட்டுறதும் நோட்டும் ஒத்துப்போச்சு, பெடல் ரப்பர் தேய்ஞ்ச அளவும் ஒத்துப்போச்சு. காலையில ஆறரை மணிக்கு, பனியில, எங்களைக் காத்திருக்கச் சொல்லி எங்க கண்ணு முன்னாலயே முதல் ஸ்டார்ட் போட்டார். மேட்டுல மூணாவது கியர்ல மிதிச்சேன். இஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி வேகம் ஏறாம இருந்தா கிளட்ச் வழுக்குதுன்னு அர்த்தம். லேசா வழுக்குச்சு. மறைக்க மாட்டேன், அதை மாத்தியாச்சு.

ஆனா இந்த வண்டிய நான் விரும்பினதுக்கு உண்மையான காரணம் முன் சக்கரத்து நடுவுல இருக்கு. யாரோ முன்னாடியே கையால திருகிப் பூட்டுற ஹப் மாத்தியிருக்காங்க. இதைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க. ஊர்வலத்துல கிளட்ச் எரியறதுக்கும் பிரேக் சூடாகிறதுக்கும் ஒரே காரணம், சாதாரண முதல் கியர் கூட நடை வேகத்துக்கு வேகம். அதனால ஓட்டுறவன் அரை கிளட்ச்லயும் பிரேக்லயும் காலை வச்சுக்கிட்டே இருப்பான். போன வருசம் நான் செஞ்சதும் அதான். லோ கியர்ல போட்டா வண்டி தானா நடக்கும், இறக்கத்துல இஞ்சினே பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். ஆனா இந்த மாதிரி வண்டியில லோ போட்டா நாலு சக்கரமும் சேர்ந்துடும். காய்ஞ்ச தார்ச் சடக்குல வளைவு திரும்பும்போது முன்னும் பின்னும் ஒண்ணோட ஒண்ணு இழுத்துக்கிட்டு கியர் பெட்டி முறுக்கும். முன் ஹப்பைத் திறந்து விட்டுட்டா, லோ கியரும் கிடைக்கும், முறுக்கலும் இருக்காது. மழை பெய்ஞ்சு இறக்கம் வழுக்கினா இறங்கிப் பூட்டிக்கலாம். நாங்க பார்த்த மத்த ரெண்டு வண்டியிலயும் இந்த வசதி இல்ல.

மிச்சச் செலவு 3,900. டைமிங் பெல்ட் எப்போ மாத்தினதுன்னு அந்த நோட்டுல இல்ல, அதனால முதல் வேலையா அதை மாத்தினோம். பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டி இஞ்சினே போயிடும். அப்புறம் கிளட்ச், பிரேக் முழுசும், எண்ணெய் எல்லாம், நாலு டயர். புஸ்பகோம் சோதனை முடிஞ்சு, கிரான்ட் ஆலயத்து பேருக்கு மாறிடுச்சு. கையிருப்பு 2,800 வெள்ளி. ரசீது எல்லாம் பொருளாளர் கிட்ட இருக்கு, வந்து பார்க்கலாம்.

ஏர்கோன் வேலை செய்யாது. நம்ம மலைக்கு எதுக்கு? கதவுல ஒரு பெரிய கீறல் இருக்கு, மகளிர் பிரிவு அக்காமார் மாவிலைத் தோரணம் கட்டி மறைச்சுடுறோம்னு சொல்லிட்டாங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணிக்குச் சோதனை ஓட்டம். இரதத்துல சாமியும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டாங்க. பத்துத் தண்ணி டிரம் ஏத்துறோம், ரெண்டு டன்னுக்குக் கணக்கு. அதே தோட்டத்து இறக்கத்துல, ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நிறுத்தி நிறுத்திக் கொண்டுபோகப் போறேன். பாதியில இறங்கி பிரேக் டிரம்ல கை வச்சும் பார்ப்பேன். இளைஞர் பிரிவுத் தம்பிங்க நாலு பேர் கட்டையோட வரணும், செருப்பு வேணாம், நல்ல சப்பாத்து போட்டுட்டு வாங்க. பார்க்க வர்றவங்க மேட்டுப் பக்கம் நில்லுங்க. பிள்ளைங்களக் கூட்டிட்டு வராதீங்க. முடிஞ்சதும் ஆலயத்துல பசியாற இட்லி இருக்கு.