தண்ணீர்க் கணக்கு

மோட்டார் ஹோமின் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ப்ளீச் ஊற்ற வேண்டும், 15 கேலனுக்குக் கால் கப் என்று ஒரு கணக்கு இருக்கிறது, ஊற்றித் தொட்டியை நிரப்பி, அடுக்களைக் குழாய், குளியலறைக் குழாய், ஷவர் என்று ஒவ்வொன்றாகத் திறந்து நெடி மூக்கில் ஏறும்வரை ஓடவிட்டு, மூடி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டு மறுநாள் வடிக்க வேண்டும். சான் டியேகோவில் மாப்பிள்ளை வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த 36 அடி வண்டிக்குள் அவர் குழாயைத் திறந்ததும் வந்த வாடை, என் பேரப்பிள்ளைகளுக்கு நீச்சல் குளம், எனக்குத் தூத்துக்குடியில் தாத்தா வீட்டு முற்றத்துச் சிமெண்டுத் தொட்டி. நகராட்சித் தண்ணீர் வருகிற நாளில் ஆச்சி அதன் விளிம்பில் குனிந்து முதலில் மோந்து பார்ப்பாள், மருந்து வாடை தூக்கலாக இருந்தால் குடிக்க எடுக்கமாட்டாள், வாய் அகன்ற பானையில் ஊற்றி, பழைய வேட்டித் துணியால் வேடு கட்டி, சாயங்காலம்வரை காற்றாட விட்டுவிடுவாள், கேட்டால் "அது கோவம் அடங்கட்டும்" என்பாள்.

பிப்ரவரியில் பாஹா கலிபோர்னியா போவதாகத் திட்டம், மெக்சிகோவின் மேற்கு ஓரத்தில் கடலுக்குள் நீளமாக இறங்கியிருக்கிற அந்தப் பாலைவனத் தீபகற்பம், ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் கலிபோர்னியா வளைகுடா, நடுவில் 1973இல் முடித்த ஒரே நெடுஞ்சாலை, டிஹுவானாவிலிருந்து தென்கோடி காபோ சான் லூகாஸ்வரை சுமார் 1,700 கிலோமீட்டர், அதில் நாங்கள் போகப்போவது கான்செப்சியோன் விரிகுடாவரை, ஏறக்குறைய ஆயிரம். மகள் மடிக்கணினியில் கட்டம் கட்டமாக எல்லாம் போட்டுவைத்திருக்கிறாள், எந்த ஊரில் எங்கே நிறுத்துவது, எந்த பெமெக்ஸ் பங்கில் எத்தனை லிட்டர், எந்த ராணுவச் சோதனைச் சாவடியில் எந்தக் காகிதம், அமெரிக்கக் காப்பீடு அங்கே செல்லாது என்பதால் தனியாக எடுக்க வேண்டிய மெக்சிகோ காப்பீடு, எல்லாம். எனக்கு ஒதுக்கியது தண்ணீர். வண்டியில் மூன்று தொட்டிகள், குடிக்கவும் குளிக்கவும் நல்ல தண்ணீர் ஒன்றில், பாத்திரம் கழுவியது ஒன்றில், கழிவறையுடையது ஒன்றில், நல்லது சுமார் 280 லிட்டர் பிடிக்கும், கெட்டதைக் கொட்டத்தான் அந்தப் பக்கத்தில் இடம் அரிது, ஆக 1,000 கிலோமீட்டர் பயணத்தின் திட்டம் கடைசியில் எதை எங்கே திறந்துவிடுவது என்பதில் வந்து நிற்கிறது.

தாத்தாவுக்கு உப்பளத்தில் கணக்குப்பிள்ளை வேலை. விடியுமுன்னே, நாலு மணி இருட்டில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஆட்கள் பாத்தியில் இறங்கிவிடுவார்கள், வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளையில் கண்ணைத் திறந்துவைக்க முடியாது என்பதால் அந்த நேரம், பள்ளி விடுமுறையில் என்னையும் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். ஊர் முடிந்து அளம் தொடங்குகிற இடம் கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரியும், சேறு புளித்த வாடை, காய்ந்த கடற்பாசியின் வாடை, இரண்டுக்கும் அடியில் கொஞ்சம் கூழ்முட்டை. கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைத்துக்கொண்டே வருவார்கள், நீரின் அடர்த்தி 25 டிகிரி வந்தால் உப்பு விழத் தொடங்கும், 29 தாண்டினால் அது கசப்பு நீர், திறந்து வெளியே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பே கசக்கும். அளப்பதற்குக் கண்ணாடி மீட்டர் இருந்தது, தாத்தா அதை நீரில் மிதக்கவிட்டு, அது ஆடி நிற்பதற்குள் சுண்டுவிரலைத் தொட்டு நாக்கில் வைத்து, துப்பி, "இருபத்திமூணு" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணாடியைப் பார்ப்பார், பெரும்பாலும் சரியாகவே இருக்கும், இல்லாத நாளில் மீட்டரைத்தான் சந்தேகப்படுவார். கடும் வெயிலில் பாத்தி நீர் ரோஜா நிறத்துக்கு மாறும், அது அத்தனை உப்பிலும் பிழைக்கத் தெரிந்த நுண்ணுயிர்களின் நிறம் என்று பிற்பாடு படித்தேன், அவர் அதைத் "தண்ணி பழுத்திருக்கு" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

உப்பளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த வெள்ளைக் குவியல்களின் அழகில் கொஞ்சம் மயங்கிவிடுகிறார்கள், நான் பார்த்தது வெடித்த பாதங்களும் அறுபது வயதுக்குள் புரை விழுந்த கண்களும். அங்கே குடிக்கத் தண்ணீர் ஒரே மண்பானைதான், கொட்டகை ஓரத்தில் ஈரச்சாக்கு சுற்றி வைத்திருக்கும், சுற்றிலும் கண்ணுக்கெட்டின தூரம் தண்ணீர், குடிப்பதற்கு அந்த ஒரு பானை, இத்தனை ஆட்களுக்கு இத்தனை செம்பு என்று தாத்தா அதற்கும் கணக்கு வைத்திருந்தார், தன் பங்கை எப்போதும் கடைசியில் குடித்தார், அது பெருந்தன்மையா வேலையின் சம்பிரதாயமா என்று நான் கேட்டதில்லை.

இந்தப் பாஹாவை நான் முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் நடுவில், பக்கத்து வீட்டுக் கிழவரோடு, கடற்படைத் தளத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்தபின் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஒரு பழைய வேனில் தனியாகத் தெற்கே போய்வருவார், அந்த ஆண்டு முழங்கால் சரியில்லை என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். அவர் திட்டமெல்லாம் சட்டைப்பையில் இருந்த ஒரு கார்பன் தாள் பில்லின் பின்பக்கத்தில் அடங்கியது. அப்போது எல் ரொசாரியோவைத் தாண்டினால் 300 கிலோமீட்டருக்கு மேல் நம்பத்தகுந்த பங்க் கிடையாது, நடுவே கட்டவீன்யாவில் சாலையோரம் பீப்பாயில் பெட்ரோல் வைத்து விற்பார்கள், ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி இழுத்துக் கேனில் பிடித்துக் கொடுப்பார்கள், கிழவர் தன் புனலில் மான்தோல் துணியை விரித்து அதன் வழியாகத்தான் ஊற்ற விடுவார், துணியில் தங்கிய தண்ணீர்த் துளிகளையும் துருவையும் விற்றவனிடமே காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல், கேட்ட விலையைக் கொடுப்பார். சாலைக்கு ஓரம் என்று ஒன்று கிடையாது, தார் முடிகிற இடத்தில் பள்ளம், சில இடங்களில் ஒரு பக்கத்துப் பாதை மூன்று மீட்டர்கூட இராது, முன்னால் போகிற லாரிக்காரர் இடது விளக்கைப் போட்டால் முந்திப் போ என்று அர்த்தம், அவரே இடது பக்கம் திரும்பப் போகிறார் என்றும் அர்த்தம், எது என்று எப்படித் தெரியும் என்றேன், "விளக்கைப் பார்க்காதே, சக்கரத்தைப் பார்" என்றார்.

அந்தப் பகுதியில் வெளிறிய கம்பமாய் சிரியோ மரங்கள் நிற்கும், நட்டுவைத்த முள்ளங்கியைத் தலைகீழாக்கி இருபது மடங்கு இழுத்துவிட்ட மாதிரி, சில வளைந்து நுனி மறுபடி தரையைத் தொடும், அவற்றுக்கு நடுவே கள்ளியில் உலகத்திலேயே உயரமான கார்தோன். காலையில் பசிபிக் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறிவரும், மழையே பெய்யாத ஊரில் மரக்கிளைகளில் பாசி தொங்குவது அந்த மூட்டத்தைக் குடித்துத்தான். கிழவர் எழுந்ததும் வேன் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துணியால் துடைத்து அந்தத் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொள்வார், சவரத்துக்கு அரை குவளை, கடற்கரையில் நிறுத்திய நாட்களில் பாத்திரமெல்லாம் கடல்நீரில் மணல் போட்டுத் தேய்த்து, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர், அந்த அலசிய நீரும் கீழே போகாது, ரேடியேட்டருக்கென்று ஒரு கேனில் சேரும்.

கெரேரோ நேக்ரோ வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன், வாடைதான் எழுப்பியது, புளித்த சேறு, காய்ந்த பாசி, அடியில் கூழ்முட்டை, எழுந்து ஜன்னலைத் திறந்தால் தட்டையான வெள்ளை, ரோஜா நிறப் பாத்திகள், அடிவானம்வரை, ஒரு நொடி எங்கே இருக்கிறேன் என்றே பிடிபடவில்லை. 1858இல் அங்கே காயலின் வாயில் மூழ்கிய ஒரு அமெரிக்கத் திமிங்கல வேட்டைக் கப்பலின் பெயர்தான் ஊருக்கு, உப்பளத்தை 1954இல் தொடங்கியவர் டேனியல் லுட்விக் என்ற அமெரிக்கக் கப்பல் முதலாளி, பிறகு மெக்சிகோ அரசும் ஜப்பானின் மிட்சுபிஷியும் 51-க்கு 49 என்று நெடுங்காலம் நடத்தின, ஆண்டுக்கு 70 லட்சம் டன் அளவில், உலகின் மிகப்பெரிய உப்பளங்களில் ஒன்று. எங்கள் ஊரில் தலைச்சுமையாகப் போனது இங்கே வீடு உயர லாரிகளில் போகிறது, படகில் ஏறி செட்ரோஸ் தீவு போய் அங்கிருந்து பெரிய கப்பலில் ஜப்பான், அங்கே அதில் பெரும்பகுதி சோற்றுக்கு அல்ல, கரைத்து மின்சாரம் பாய்ச்சிக் குளோரினும் காஸ்டிக் சோடாவும் பிரிக்க. அந்த இரண்டையும் திரும்பச் சேர்த்தால் வருவதுதான் மாப்பிள்ளை கால் கப் கணக்கில் ஊற்றிய ப்ளீச்.

உப்பளத்துக்கு ஒட்டினாற்போல் ஓஹோ தே லியெப்ரே காயல், அலாஸ்கா பக்கக் கடல்களிலிருந்து சாம்பல் திமிங்கலங்கள் குளிர்காலத்தில் வந்து குட்டி போடுகிற இடம், 1857இல் சார்ல்ஸ் ஸ்கேமன் என்ற கப்பல் தலைவர் உள்ளே போக வழி கண்டார், ஒடுங்கிய நீரில் குட்டியோடு நிற்கிற தாய்களைக் குத்துவது சுலபம், சில ஆண்டுகளில் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்தார்கள், அதே ஸ்கேமன் பிற்பாடு உட்கார்ந்து அந்த உயிர்களைப் பற்றி நல்ல புத்தகம் ஒன்று எழுதினார், 1874இல் வந்தது. 1993இல் யுனெஸ்கோ அந்தக் காயலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, தெற்கே சான் இக்னாசியோ காயலிலும் புது உப்பளம் வெட்டும் திட்டத்தை 2000இல் மெக்சிகோ அதிபர் செடியோ கைவிட்டார். உப்பளத்துக்காரன் பேரனாக நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கிழவர் கிண்டல் செய்வார், பழைய உப்பளம் இருக்கட்டும், புதியது வேண்டாம் என்பேன், அப்படித்தான் பிறகு நடக்கவும் செய்தது.

அந்தப் பயணத்தில் எனக்கு மறக்காதது திமிங்கலம் அல்ல. சான் இக்னாசியோ ஊரில் பாலைவனம் சட்டென்று முடிந்து பேரீச்சந்தோப்பு, நடுவே பச்சைத் தண்ணீர், அந்த ஈச்சை மரங்கள் ஏசு சபைப் பாதிரிகள் கொண்டுவந்தவை, 1728இல் அவர்கள் தொடங்கிய மிஷனின் கோயிலை அவர்களை வெளியேற்றியபின் டொமினிக்கன்கள் 1786இல் கட்டி முடித்தார்கள், எரிமலைக் கல்லில் ஒரு மீட்டருக்கு மேல் கனத்த சுவர், எதிரே சதுக்கத்தில் ஆலமரத்தின் பங்காளியான பெரிய நிழல் மரங்கள். அந்தி வெளிச்சத்தில் ஒரு கடை வாசலில் வயதானவர் ஒருவர் தகர டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டதை எடுத்துவந்து, மண் தரையில் தண்ணீர் தெளித்தார், அவசரமில்லாமல், சுவரோரத்தில் தொடங்கி வெளியே வளைவு வளைவாக, புழுதி அடங்கி ஈரமண் வாசனை எழும்பியது, பிறகு நாற்காலியை எடுத்து அந்த ஈரத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தார். தூத்துக்குடியில் ஆச்சி வாசல் தெளிக்கிற அதே கைவீச்சு. வழியெல்லாம் அரை குவளைத் தண்ணீரில் முகம் கழுவிய எங்கள் கிழவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவருக்கு அது ஊதாரித்தனமாகப் பட்டதா என்று கேட்டேன், "அவன் ஊற்று இருக்கிற ஊரில் இருக்கிறான், கணக்குப் போடத் தேவையில்லை" என்றார்.

இப்போது போகிற வண்டியில் கூரைமேல் இணையத் தட்டு, பக்கவாட்டில் பொத்தானை அழுத்தினால் வெளியே நகரும் சுவர், குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம்கூட இருக்கிறது, ஜன்னலைத் திறக்கத்தான் ஏசியை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் பேரன் முணுமுணுப்பான், கெரேரோ நேக்ரோவின் வாடை அதற்குள் எப்படி வரும் என்று தெரியவில்லை. எங்கே இரவு தங்குவது என்பதை ஊர் தீர்மானிப்பதில்லை, கழிவுத் தொட்டி தீர்மானிக்கிறது, சான் இக்னாசியோவின் சதுக்கத்துக்குள் இந்த நீளம் திரும்பாது, ஆகவே நெடுஞ்சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்துபோய் ஒரு மணி நேரத்தில் திரும்புவதாகக் கட்டத்தில் போட்டிருந்தது. வசதியைக் குறை சொல்லவில்லை, என் முதுகுக்கு அந்தப் பழைய வேனின் பலகைப் படுக்கை இனி ஒத்துவராது, ஆனால் ஒரு மணி நேரத்தில் அந்த ஊரில் நாற்காலி போடக்கூட நேரமிருக்காது.

"அப்பா, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் போடட்டும்?" என்று மகள் கேட்டபோது பதினைந்து என்றேன், அவள் ஐம்பதில் தொடங்கியிருந்தாள், இருபதில் வந்து நின்றோம், ஐந்து பேருக்கு நாளைக்கு நூறு, தொட்டி மூன்று நாளுக்குக் கொஞ்சம் குறைவாக வரும், குடிக்கத் தனியாக இருபது லிட்டர் கேன்கள், வழி ஊர்களில் சுத்திகரித்த தண்ணீர்க் கடைகளில் நிரப்பிக்கொள்ளலாம். அப்படி மிச்சம் பிடித்ததற்குக் கூலியாக சான் இக்னாசியோவில் இரண்டு ராத்திரி கேட்டேன், கிடைத்தது. பெரிய வண்டியைத் தோப்போரத்தில் விட்டுவிட்டு ஊருக்குள் போகவும், உப்பளத்து மண்பாதையில் அலமாரிக் கதவுகள் திறந்துகொள்ளாமல் காயல்வரை போய்வரவும், மகளின் சிறிய காரைப் பின்னால் கட்டி இழுத்துப் போவது என்று முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை உடனே நீளம் கூட்டிப் பார்த்தார், வண்டி 11 மீட்டர், கொக்கியும் காரும் சேர்ந்தால் 15-ஐத் தாண்டும், "மாமா, நாம பார்க்கப் போற திமிங்கலமே பதினாலுதான்" என்றார், சொல்லிக்கொண்டே காப்பீட்டு விண்ணப்பத்தைத் திரும்பத் திறந்தார், இழுத்துப் போகிற வண்டியையும் அதில் தனியாகக் காட்டியாக வேண்டுமாம், தொகை கூடுகிறது.