முழங்கால் மடங்காத கொத்தனார்

விபத்து இழப்பீட்டு வழக்குகளில் உயிரிழப்பு வழக்கைவிட நிரந்தர ஊன வழக்குதான் எனக்குக் கடினமானது. இறந்தவர் வீட்டு இழப்பை யாரும் மறுக்க மாட்டார்கள். தன் காலால் நடந்து வந்து கூண்டில் நிற்பவரிடம் மட்டும், "நடந்துதானே வந்தீங்க?" என்று குறுக்கு விசாரணை தொடங்கும்.

ஒரு கொத்தனார், வயது 38. வேலைக்குப் பைக்கில் போனவரைக் கார் மோதி வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. பிளேட் வைத்ததில் எலும்பு கூடியது. ஆனால் கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. மெடிக்கல் போர்டு 40 சதவீத ஊனம் என்று சான்று தந்தது. அது காலுக்கான கணக்கு, முழு உடம்புக்கு என்றால் 20 சதவீதம்தான் என்றது இன்சூரன்ஸ் தரப்பு.

ஊனச் சதவீதம் வேறு, வருமான இழப்புச் சதவீதம் வேறு என்று ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. இடது கை போனால் தச்சருக்கோ டிரைவருக்கோ பிழைப்பே போகும். அரசு அலுவலக குமாஸ்தாவுக்கு வேலை போகாமலும் இருக்கலாம். சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் காலையிலிருந்து மாலைவரை என்ன வேலை பார்த்தார் என்பதை நீதிபதியின் கண்முன் கொண்டுவராவிட்டால், சான்றில் உள்ள எண்தான் ஜெயிக்கும்.

அதனால் கட்சிக்காரரிடம் வலியைப் பற்றி நான் அதிகம் கேட்பதில்லை. வேலையைப் பற்றிக் கேட்பேன். சாரத்தில் எப்படி ஏறுவீங்க? டைல்ஸ் ஒட்ட எவ்வளவு நேரம் குத்துக்கால் போட்டு உட்காரணும்? அவர் எழுந்து காட்ட முயன்றார். இடது காலை மடக்கினார், வலது கால் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவர், "மத்தபடி நல்லாத்தான் இருக்கேன் சார்" என்றார். உழைத்துச் சாப்பிட்டவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். அந்த மானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கூண்டில் இதே வார்த்தையை வைத்துத்தான் எதிர்த்தரப்பு தொகையைக் குறைக்கும். கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன்.

அவரை வேலைக்கு வைத்திருந்த மேஸ்திரியைச் சாட்சியாக அழைத்தோம். "தரையில நின்னு பூசுற உயரத்துக்கு மட்டும் ஆள் வச்சா எனக்குக் கட்டுமா ஐயா?" என்று அவர் கேட்டது, டாக்டரின் சாட்சியத்தைவிட எடுபட்டது. சம்பளச் சீட்டு இல்லை என்ற ஆட்சேபமும் வந்தது. கால் இழந்த காய்கறி வியாபாரி ஒருவருக்கு, வருமானத்துக்கு ஆவணம் கேட்காமல், 85 சதவீத இழப்பை உச்ச நீதிமன்றம் ஏற்ற 2014 தீர்ப்பை எடுத்துவைத்தேன்.

தீர்ப்பாயம் மாத வருமானத்தை 12,000 ரூபாய் என்று வைத்தது. வயது நாற்பதுக்குள் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேரும்: 16,800. ஆண்டுக்கு 2,01,600. 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கு எண் 15. ஆக மொத்தம் 30,24,000. இதில் 20 சதவீதம் என்றால் 6,04,800. தீர்ப்பாயம் ஏற்ற 50 சதவீதத்துக்கு 15,12,000. ஒன்பது லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அது முழுக்க, சாரத்தையும் குத்துக்காலையும் பற்றிய சாட்சியத்தால் வந்தது.

காகிதங்களைப் பற்றி ஒன்று. எஃப்ஐஆர், ஏஆர் காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் கெடு வந்திருக்கிறது. காயம்பட்டவர் கட்டிலில் கிடக்கும் மாதங்கள் அவை. அந்தக் கெடு எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

லோக் அதாலத்தில் சீக்கிரம் பணம் கிடைக்கும், பலருக்கு அது நல்லதுதான். ஆனால் அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது. பிளேட்டை எடுக்கவோ மூட்டு மாற்றவோ பின்னால் ஆபரேஷன் வேண்டுமா என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, அந்தச் செலவையும் தொகையில் சேர்க்காமல் என் கட்சிக்காரர் யாரையும் நான் கையெழுத்துப் போட விடுவதில்லை.