மூன்றாம் நபர் யார்?

குடித்துவிட்டுக் கார் ஓட்டிய குற்றத்திற்காகத் திண்டிவனம் நீதிமன்றத்தில் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்டிவிட்டு வந்திருந்தார் அந்த அன்பர். ஓட்டுநர் உரிமமும் சில மாதங்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. காப்பீட்டுத் தாள்களைப் பங்கு அலுவலக மேசைமீது வைத்தார்.

"சாமி, புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது. இந்தத் தண்டனையை அவர்களிடம் சொல்லத்தான் வேண்டுமா? எதை எடுத்தால் எனக்குப் பாதுகாப்பு?"

நமக்கு அத்துறையில் பழக்கமில்லை. காப்பீட்டு முகவரான பங்கு மக்களுள் ஒருவரை அழைத்தோம். அவர் விளக்கினார்: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீடு. அதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022இல் அறிவிக்கப்பட்டபடி, 1,000 சி.சி.க்கு மேல் 1,500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். தண்டனை பெற்றவருக்கும் பெறாதவருக்கும் அது ஒன்றே. சொந்தச் சேதத்திற்கான காப்பீட்டில்தான் நிறுவனத்திற்கு நிறுவனம் கட்டணம் மாறும். ஆனால் எவ்வளவு கட்டினாலும், போதையில் ஓட்டி நேர்ந்த சேதத்திற்கு இழப்பீடு கேட்க முடியாது. 2007இல் தில்லியில் சிதைந்த போர்ஷ் கார் வழக்கில், நிறுவனம் மறுத்தது சரியே என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிபட்டவருக்கு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றும் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஆணையிட்டுள்ளன.

கேட்டுக்கொண்டிருந்த நம் நெஞ்சில் ஒன்று உறுத்தியது. சில மாதங்களுக்கு முன் திண்டிவனத்தில் ஒரு திருமண விருந்து முடிந்து, இவர் ஓட்ட இதே காரில் விழுப்புரம் திரும்பினோம். வாடை தெரிந்தது. சங்கடப்படுத்துவானேன் என்று வாளாவிருந்தோம். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை அருகே, சாலையைக் கடந்த ஒரு மூதாட்டிக்கு ஒரு முழம் முன்பாக வண்டி கிறீச்சிட்டு நின்றது. அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நம்மைத் திரும்பியும் பாராமல் நடந்து போனார்.

காப்பீட்டில் முதல் நபர் உரிமையாளர். இரண்டாம் நபர் நிறுவனம். சட்டம் மூன்றாம் நபர் என்பது அந்த மூதாட்டியை. மறைக்கல்வியில் நாம் அயலான் என்று கற்பிப்பதும் அவரையே. மன்னிப்புப் பெற்றவன் ஈடுசெய்யவும் கடமைப்பட்டவன் என்று குருமடத்தில் படித்தோம். சக்கேயு தன் வீட்டில் எழுந்து நின்று சொன்னதும் அதுதானே!

"தம்பி, அன்று பேசாதிருந்தது நம் குற்றம்" என்றோம். அவர் தலை கவிழ்ந்தார். பிறகு சொன்னோம்: "படிவத்தில் கேட்பதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மறைத்து வாங்கிய காப்பீடு தேவைப்படும் நாளில் கைகொடுக்காது. மூன்றாம் நபர் காப்பீடு ஒரு நாளும் காலாவதியாக வேண்டாம். அது உங்களுக்காக அன்று, அந்த அம்மாவுக்காக. உரிமம் திரும்பி வரும்வரை சாவி உங்கள் மனைவியிடம் இருக்கட்டும்."

சென்ற ஞாயிறு திருப்பலிக்கு அவருடைய மனைவியே காரை ஓட்டி வந்தார். இவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தார்.

நாமும் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். விருந்து முடிந்து எவருடைய வண்டியில் ஏறுமுன்னும், "குடித்திருக்கிறீர்களா?" என்று கேட்பது. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆயினும் கேட்போம்.