கோடு போட்ட ஏழு

"நீங்கள் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்ததுண்டா?" என்று யாராவது கேட்டால், "உண்டு, ரிடையர் ஆன பிறகு" என்பேன். சிரிப்பார்கள். நிஜம்தான்.

2011-ல் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் யூ.டி.சி.யாக ஓய்வு பெற்றேன். அடுத்த வருடம், பெருங்குடியில் ஒரு பெரிய கம்பெனிக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று மகனின் நண்பர் சொன்னார். பிரான்சிலிருந்து வரும் பில்களைப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டுமாம். நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1962 ஆகஸ்டில் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. என்னோடு படித்த சிலர் பாரிசுக்குப் போனார்கள். நான் மெட்ராசுக்கு வந்தேன்.

கொட்டிவாக்கத்திலிருந்து மகன் ஸ்கூட்டரில் கொண்டு போய் விட்டான். வாசலில் செக்யூரிட்டி, "பேரண்ட்ஸ் எல்லாம் கீழேயே வெயிட் பண்ணணும் சார்" என்றார். இன்டர்வியூவே எனக்குத்தான் என்று சொல்லி உள்ளே போக ஐந்து நிமிடம் ஆயிற்று.

மேலே இருந்த பையன்கள் ஒரு பஸ்ஸுக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படியெல்லாம் கேட்பார்களாம். (இந்தப் புதிர்களால் ஒரு பயனும் இல்லை என்று கூகுளின் மனிதவளத் தலைவர் லாஸ்லோ போக்கே 2013-ல் ஒப்புக்கொண்டார்.) என்னிடம் பந்தைப் பற்றிக் கேட்கவில்லை. "ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?" என்றார்கள். "கண்புரை ஆபரேஷன் முடித்துவிட்டு இதே கொட்டிவாக்கத்தில்" என்றேன்.

அடுத்த ரவுண்டில் டீம் லீடர். என் மகள் வயதுகூட இருக்காது. கையால் எழுதிய ஒரு பில்லை நீட்டினாள். 12,500 கிலோ என்று இருந்தது. முன்னால் வந்தவர்கள் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்றார்களாம். பிரெஞ்சில் கமாதான் தசமப் புள்ளி. ஆயிரத்துக்கு இடைவெளி விடுவார்கள். அது பன்னிரண்டரைக் கிலோ. பிறகு தேதியைக் காட்டி, "இது ஏழுதானே சார்?" என்றாள். "ஒன்று. அவர்கள் ஒன்றுக்கு நீளமாக மூக்கு வைப்பார்கள். அதனால்தான் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு."

அந்தக் கோட்டுக்காக நான் சின்ன வயதில் பிரம்படி வாங்கியிருக்கிறேன். 1973-ல் எல்.டி.சி.யாகச் சேர்ந்ததும் பழக்கத்தில் கேஷ் புக் முழுவதும் கோடு போட்டே ஏழு எழுதினேன். ஆடிட் வந்தது. எல்லா ஏழும் அடிக்கப்பட்டிருக்கிறது, எதற்கும் சுருக்கொப்பம் இல்லை என்று ஆட்சேபணை. சூப்பரின்டென்டென்ட் செக்‌ஷன் நடுவே நிற்கவைத்து, "இது என்ன பிரான்ஸா?" என்றார். அன்றோடு கோட்டை விட்டேன். பிரெஞ்சையும்தான், அதற்குப் பிறகு வீட்டில்கூடப் பேசியதில்லை.

வேலை கிடைத்தது. வருடா வருடம் கான்ட்ராக்ட். பையன்கள் அலியான்ஸ் பிரான்சேஸில் படித்து வந்தவர்கள். உச்சரிப்பு என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் போனில் யாராவது தொண்ணூற்றேழு என்று சொல்லிவிட்டால் திணறுவார்கள். பிரெஞ்சில் அது 'நாலு இருபது, பத்து, ஏழு'. அப்போது என் நாற்காலிக்கு ஓடி வருவார்கள். முப்பத்தெட்டு வருட சர்வீஸில் எந்த செக்‌ஷனும் என் நாற்காலிக்கு ஓடி வந்ததில்லை.

2016 நவம்பரில் கூகுள் தன் மொழிபெயர்ப்பைப் புதிய நியூரல் முறைக்கு மாற்றியது. முதலில் மாறிய மொழிகளில் பிரெஞ்சும் ஒன்று. எங்கள் கம்பெனியிலும் பில் படிக்க ஏதோ மென்பொருள் வந்தது. 2017-ல் ஒரு வெள்ளிக்கிழமை, கான்ட்ராக்ட் நீட்டிப்பு இல்லை என்று மெயில் வந்தது. திங்கட்கிழமை சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் போனேன். கார்டுக்குக் கதவு திறக்கவில்லை. செக்யூரிட்டிதான் எடுத்து வந்து கொடுத்தார்.

அந்த டீம் லீடர் பெண் இப்போது கணவரோடு லியோனில் இருக்கிறாள். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள்; பல் டாக்டர் கையால் எழுதிக் கொடுத்த சீட்டு. "சார், அப்பாயின்ட்மென்ட் ஒன்றாம் தேதியா, ஏழாம் தேதியா?"

மூக்கைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஒன்று" என்று பதில் போட்டேன்.