கோப்பியும் கொப்பியும்

எங்கள் ஊரில் கோப்பி குடிப்பதற்கு, கொப்பி எழுதுவதற்கு. வாப்பாவின் கடையில் இரண்டும் உண்டு. கோப்பி அடுப்பில் இருக்கும். கடன் கொப்பி மேசை லாச்சியில் இருக்கும்.

தலைமன்னார் பியர் ரயில் நிலையத்துக்குக் கிட்டத்தான் கடை. கொழும்பிலிருந்து வரும் இரவுக் கோச்சிக்காகவும் கடலால் வருபவர்களுக்காகவும் வாப்பா சுபஹுக்கு முன்பே கேத்தலை வைத்துவிடுவார். கடையைத் தொடங்கியவர் மூத்தாப்பா. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் 1914 இல் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் வந்தது. அந்தப் பயணிகளை நம்பித்தான் மூத்தாப்பா அடுப்பு மூட்டினார். யுத்தத்தோடு கப்பல் நின்றது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கடையைப் பூட்டி, திறப்பை மடியில் கட்டிக்கொண்டு புத்தளம் போனார். 2015 இல் கோச்சி மறுபடி பியருக்கு வந்த பிறகுதான் வாப்பா கடையைத் திறந்தார். பழைய திறப்பு எந்தப் பூட்டுக்கும் பொருந்தவில்லை. அதுவும் லாச்சியில்தான் கிடக்கிறது.

இம்முறை வணிகக்கல்விக்கு ஒரு சிறு தொழிலின் செலவுக் கணக்கு எழுதச் சொன்னார்கள். நான் வேறெங்கே போவேன்? ஒரு கிளாஸ் கோப்பி 80 ரூபா. கொட்டை, மல்லி, சுக்கு, சீனி, கேஸ், காசுக்கு வாங்கும் நல்ல தண்ணீர் எல்லாம் சேர்த்து 46 ரூபா. மிச்சம் 34. வாப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

"அவ்வளவு லாபமா? அப்ப காசெல்லாம் எங்க போகுது புள்ள?" என்று சிரித்தபடி கடன் கொப்பியைத் தட்டினார். காற்று எழும்பி வள்ளம் இறங்காத கிழமைகளில் அந்தக் கொப்பி வேகமாக நிரம்பும். 2022 இல் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறி, அதுவும் கிடைக்காமல் போனபோது விறகில் கோப்பி கொதித்தது. அப்போதும் வாப்பா யாருக்கும் கடன் இல்லையென்று சொன்னதில்லை. உம்மாவுக்கு அதில் கோபம்தான்.

டீச்சர் சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "வேலைக்கூலி எங்கே?"

கிளாஸ் கழுவும் நானாவின் சம்பளத்தைக்கூட நான் மறந்திருந்தேன். அதைவிடப் பெரியது உம்மா. செவ்வாயும் சனியும் மூன்று மூன்று மணித்தியாலம் கொட்டை வறுத்து, மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்து, சலித்துக் கொடுப்பது அவர்தான். அவர் கண்ணில் புகை, என் கணக்கில் பூச்சியம். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து கோப்பித் தோட்டங்களுக்குப் போன தென்னிந்தியத் தொழிலாளர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். வழிச்செலவு அவர்கள் பெயரிலேயே கடனாக ஏறியதாம். 1869 இல் வந்த இலைநோய் அந்தக் கோப்பியை அழித்தது, நாடு தேயிலைக்கு மாறியது. அப்படி ஒரு கணக்கை நானும் எழுதிவிட்டேனோ என்று வெட்கமாக இருந்தது.

நானாவுக்குக் கொடுக்கும் மணிக்கு 200 ரூபாவை உம்மாவுக்கும் போட்டேன். கிழமைக்கு 1,200. நாங்கள் விற்கும் 240 கிளாஸுக்குப் பிரித்தால் கிளாஸுக்கு 5 ரூபா.

"எனக்குக் கூலியா? யாரு தருவா, உங்க வாப்பாவா?" என்று உம்மா சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை. கொப்பியை வாங்கி அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார்.

இரவு விளக்கை அணைக்கும்போது உம்மா மெல்லக் கேட்டார்:

"வருஷத்துக்கு எவ்வளவு வரும் மகள்?"

"62,400."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"கடை திறந்து பத்து வருஷத்துக்கும் மேல. பத்தால பெருக்கிப் பாருங்க."

நான் எழும்பி விளக்கைப் போட்டேன்.