பட்டையும் டவாலியும்

மன்னர்கட்கு மணிமுடி உண்டு. மக்கள் தேர்ந்தெடுக்கும் தலைவர்கட்கு? பல நாடுகளில் அவர்கட்குக் கிடைப்பது மார்பின் குறுக்கே அணியும் ஒரு பட்டைத் துணிதான்! அர்ஜென்டினாவின் தலைவருக்கு வெளிர்நீலமும் வெண்மையும். பிரேசிலில் 1910ஆம் ஆண்டு முதல் பச்சையும் மஞ்சளும். பிரான்சு நாட்டில் சிற்றூர் மேயர்கூடத் திருமணம் நடத்தி வைக்கையில் நீலம், வெள்ளை, சிவப்பு என மூவண்ணப் பட்டை அணிந்தே நிற்பார்.

பிரேசிலில் பதவி முடிந்து செல்பவர் தம் கையாலேயே புதியவருக்குப் பட்டையை அணிவிப்பது மரபு. 2023 சனவரி முதல் நாள் லூலா பதவியேற்றபோது முந்தைய தலைவர் நாட்டிலேயே இல்லை. எளிய மக்கள் சிலர் அப்பட்டையைக் கைமாற்றி எடுத்து வந்தனர். குப்பையிலிருந்து பயன்படும் பொருள்களைச் சேகரிக்கும் தொழிலாளியான ஒரு பெண் அதனை அவருக்கு அணிவித்தார்.

அக்காள் தங்கையராகிய நாங்கள் இதைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினோம். அந்தப் பெண்ணைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், அவர் கேட்டது வேறு: "ஏ பிள்ளைகளா, அங்கெல்லாம் அய்யாமாருக்கா டவாலி?"

தாத்தா வியந்ததில் பொருள் உண்டு. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் பெரியவர்கள் பட்டை அணிந்தவர்களே. 1861இல் விக்டோரியா அரசியார் ஏற்படுத்திய 'இந்திய நட்சத்திரம்' என்னும் விருதின் வெளிர்நீலப் பட்டையை வைசிராய்கள் மார்பில் அணிந்தனர். 1950இல் வந்த நம் அரசியலமைப்பு 18ஆம் பிரிவில் பட்டங்களை ஒழித்தது. இன்று நம் குடியரசுத் தலைவர் பதவிக்கென்று எந்தப் பட்டையும் அணிவதில்லை. பாரத ரத்னாவும் கழுத்தில் தொங்கும் பதக்கமே. ஆனால் மாவட்ட ஆட்சியருக்கு முன்னே வழிவிலக்கிச் செல்லும் டபேதாரைப் பாருங்கள். வெள்ளைச் சீருடை, தலைப்பாகை, தோளிலிருந்து இடுப்புவரை சிவப்பு டவாலி! அதிகாரம் ஒருவரிடம், அதன் அடையாளம் இன்னொருவர் தோளில். வேடிக்கையாக இல்லையா?

டவாலி என்பது பாரசீகத்திலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்த சொல். வார் என்பது அதன் பழம்பொருள். அதில் பொருத்திய பித்தளைத் தகடு வில்லை எனப்படும். எங்கள் தாத்தா 1964இல் ஓர் அரசு அலுவலகத்தில் சேவகராகச் சேர்ந்து, பின் டபேதாராகி, 1998இல் ஓய்வு பெற்றவர். வில்லையைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவதே அவருக்கு விடியற்காலை வேலை என்று ஆச்சி சொல்வார்.

தாத்தாவின் தந்தையார், அதாவது எங்கள் பூட்டன், கழுகுமலைக்குப் பக்கத்துச் சிற்றூரில் பருத்திக்காட்டுக் கூலி. அக்காலத்தில் சிலர் தோளில் துண்டு போடுவதற்கே உரிமை இல்லை. நிலக்காரர் எதிரே வந்தால் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். சிறுவனாகத் தந்தையின் விரலைப் பிடித்து நடந்த தாத்தா இதைப் பலமுறை கண்டவர்.

வேலையில் சேர்ந்த மறு ஆண்டு அதிகாரி அந்த ஊருக்கே முகாம் வந்தார். அதே தெருவில், அவருக்கு முன்னே, டவாலியுடன் தாத்தா! நிலக்காரர் ஓரமாக ஒதுங்கி நின்றார். வேப்பமரத்தடிக் கூட்டத்தில் பூட்டன் நின்றாராம். துண்டு இடுப்பிலேயே இருந்ததாம்.

"துண்டுன்னா எடுன்னு சொல்லிருவாக. இதை எடுக்கச் சொல்ல முடியுமா? சர்க்கார் சொத்துல்லா!" என்று சொல்லித் தாத்தா இன்றும் சிரிப்பார்.

ஆனால் அவர் காலைப் பார்த்தால் சிரிப்பு வராது. அறை வாசலில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நின்ற கால்கள். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் கொடிபோல் சுருண்டு புடைத்திருக்கின்றன. இரவில் நாங்கள்தாம் மாற்றி மாற்றி எண்ணெய் தேய்த்து விடுகிறோம். ஓய்வு பெற்ற அன்று டவாலியையும் வில்லையையும் கையெழுத்திட்டு ஒப்படைத்து விட்டார். மறுநாளே ஒரு வெள்ளைத் துண்டு வாங்கித் தோளில் போட்டவர், இன்றுவரை அது இல்லாமல் வாசற்படி தாண்டுவதில்லை.

முடிந்த காலத்தில் எங்களை மலைமேல் அழைத்துச் செல்வார். வெட்டுவான் கோயில் சிற்பங்களில் பூணூலும் அணிகலன்களும் நிறைந்திருக்கும். அதே மலையின் மறுபுறம் பாறையில் அமர்ந்துள்ள சமணத் தீர்த்தங்கரர்களுக்கோ மேனியில் ஒரு நூல்கூடக் கிடையாது. "இவுகளை எடு, போடுன்னு யாரும் சொல்ல முடியாது, பாத்தியா?" என்பார்.

2022இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் முதன்முதலாக ஒரு பெண் டபேதாராகப் பணியமர்த்தப்பட்டார். பெண் நீதிபதி ஒருவருக்கு முன்னே அவர் நடந்து வரும் படத்தைத் தாத்தாவிடம் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்களிடம் கேட்டார்:

"அந்தப் பிள்ளைக்கு உக்கார ஒரு ஸ்டூலு போட்டிருக்காகளா?"