சாட்சி ஏறும் வண்டி

எஃப்.ஐ.ஆர். போட்டதோடு வன்கொடுமை வழக்கு முடிந்துவிடுவதில்லை என்று எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோம். வழக்கு நிற்பதும் விழுவதும் சாட்சிக் கூண்டில்தான். அந்தக் கூண்டுவரை சாட்சி போய்ச் சேர ஒரு வண்டி வேண்டும். அந்த வண்டியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. இந்த முறை அதைப் பற்றி எழுதுகிறோம். குறிப்பாக, அதன் இன்டிகேட்டர் லீவரைப் பற்றி.

எங்கள் குழுவிடம் இருப்பது 20 வயதைத் தாண்டிய ஒரு மாருதி 800. இரண்டு கை மாறி எங்களிடம் வந்தது. உண்மை அறியும் குழு போவதும், அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், வாய்தா நாளில் சாட்சிகளைக் கூட்டிப்போவதும் அதில்தான். சில மாதமாக அதன் இன்டிகேட்டர் லீவர் இறுகிக்கொண்டே வந்தது. போட்டால் பாதியில் நிற்கும். அழுத்தினால் விழும். ஆனால் வண்டி திரும்பி முடித்து நேராக ஓடத் தொடங்கிய பிறகும் நடுவுக்கு வராது. டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

சின்ன விஷயம் என்று தோன்றும். வலது பக்க விளக்கு அணையாமல் எரிந்தால் பின்னால் வரும் லாரிக்காரர் நாம் திரும்பப்போகிறோம் என்று நினைத்து இடது பக்கம் ஏறி வருவார். இரவில், குழந்தைகளோடு வரும் வண்டியில், அது சின்ன விஷயம் இல்லை. இன்னொன்றும் உண்டு. சாலைச் சோதனையில் வண்டியை ஓரங்கட்டச் சொல்ல ஒரு காரணம் போதும். மோட்டார் வாகனச் சட்டம் 177ஆம் பிரிவில் முதல் முறைக்கு 500 ரூபாய்வரை அபராதம். அதைக் கட்டிவிடலாம். ஆனால் பின்சீட்டில் இருப்பவர் யார், எந்த ஊர், எதற்குப் போகிறார் என்று ஒரு கேள்வி வரும். ஏற்கெனவே மிரட்டலுக்கு நடுவில் புறப்பட்டு வந்திருக்கும் சாட்சிக்கு அந்த ஒரு கேள்வியே போதும், அடுத்த வாய்தாவுக்கு வராமல் இருக்க.

வாடகைக்கு வண்டி எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எடுத்திருக்கிறோம். நல்ல மனதோடு வந்த ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஊருக்குப் போகும் சாலையிலிருந்து காலனிக்குப் பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்தி, "இங்கேயே இறங்கிக்குங்க, உள்ளே வண்டி திருப்ப இடம் இருக்காது" என்றவர்களும் இருக்கிறார்கள். லாரி போய் வரும் தெருவில் கார் திரும்ப இடம் இருக்காதாம்.

இது புதிய கதை இல்லை. 1929இல் தீண்டப்படாத மக்களின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவில் அம்பேத்கர் உறுப்பினராக இருந்தார். அந்தப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் சாலிஸ்கானில் இறங்கினார். நிலையத்திலிருந்து மகர் மக்களின் குடியிருப்புக்கு அவரை ஏற்றிக்கொண்டு போக எந்தக் குதிரைவண்டிக்காரரும் ஒப்பவில்லை. வண்டியை வாடகைக்குத் தரலாம், ஓட்ட வர முடியாது என்றார்கள். வரவேற்க வந்தவர்களில் ஒருவரே கடிவாளத்தைப் பிடித்தார். அவருக்கு வண்டி ஓட்டிப் பழக்கம் கிடையாது. பாலத்தில் சக்கரம் ஓரக்கல்லில் மோதியது. அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டு கால் எலும்பு முறிந்தது. அவரே தன் வாழ்க்கைக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். தன் மரியாதையைக் காக்க நினைத்த மக்கள் தன் உயிரையே ஆபத்தில் நிறுத்த வேண்டியிருந்ததை அவர் எண்ணிப் பார்க்கிறார்.

அந்த மனிதர் மீது எந்தக் குற்றமும் இல்லை. குற்றம் ஓட்ட மறுத்தவர்களுடையது. ஆனால் நமக்கு அதில் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. மரியாதையா, உயிரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் நம் மக்கள் இனி நிற்கக் கூடாது. வண்டி நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது. அதை ஓட்டவும் பிரிக்கவும் பூட்டவும் நம் கைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை வாய்தா. 60 கிலோமீட்டர் தூரம். சாட்சி, அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. முந்தின நாள் ஞாயிறு, பட்டறை எதுவும் திறக்கவில்லை. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்த எங்கள் தோழர் ஒருவர், "நாமே பார்த்துடலாம்" என்றார். சுற்றி நின்று நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம்.

முதலில் கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடித்தால், பெரும்பாலும் அந்தப் பக்கத்து பல்பு போயிருக்கும். லீவர் விழுந்தும் விளக்கு எரியாமல், நான்கு விளக்கும் சேர்ந்து எரியும் ஹசார்டு மட்டும் வேலை செய்தால், சுவிட்ச் பக்கம் பார்க்கலாம். எங்களுக்கு விளக்கெல்லாம் சரி. லீவர்தான் இறுக்கம்.

பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றினோம். ஸ்டியரிங் தண்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவரின் அடியில் உள்ள ஸ்குரூக்களை எடுத்தால் கவர் இரண்டு பாதியாகப் பிரியும். உள்ளே, லீவர் அசையும் மூட்டில், பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து கறுத்துக் கெட்டியாகியிருந்தது. வண்டி ஓடுவது மண்சாலையில். தூசி உள்ளே போகாமல் இருக்காது.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்த்து எடுத்தோம். மின்சாதனக் கடையில் கிடைக்கும், பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கான்டாக்ட் கிளீனரை மூட்டில் அடித்து, லீவரை மேலும் கீழுமாக நாற்பது ஐம்பது தடவை அசைத்தோம். பெட்ரோல் ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் கெடும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. நன்றாகக் காய்ந்த பிறகு மூட்டில் மட்டும் துளி சிலிகான் கிரீஸ். மின்சாரம் தொடும் இடத்தில் கிரீஸ் படக் கூடாது. சுவிட்சைப் பிரிக்கத் தேவைப்படவில்லை. பிரித்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துள்ளி ஓடிவிடும்.

ஸ்டியரிங் திரும்பி வரும்போது அதோடு சுற்றும் ஒரு மேடு, சுவிட்சில் உள்ள சின்ன நாக்கைத் தட்டும். அப்போதுதான் லீவர் நடுவுக்கு வருகிறது. அந்த நாக்கு உடைந்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை. சுவிட்சையே மாற்ற வேண்டும். எங்களுடையது உடையவில்லை. பூட்டிப் பார்த்தோம். போட்டதும் விழுந்தது, திரும்பியதும் விலகியது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வேலை.

ஒரு எச்சரிக்கை: ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டியரிங் பக்கம் நீங்களாகக் கை வைக்காதீர்கள். அது வெடித்துத் திறக்கும் பொருள். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

மறுநாள் காலை வண்டியில் ஏறும்போது அந்த அம்மா, "இது போய்ச் சேருமா தம்பி?" என்று கேட்டார். சேர்ந்தது. சாட்சி சொன்னார்.

இதோடு நிறுத்தினால் பாதிதான். சாட்சியைக் கூட்டிப்போவது நம் தியாகம் மட்டும் என்று அரசு நினைத்துக்கொள்ள விடக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 11ஆவது விதியைப் படியுங்கள். பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் சாட்சிகளுக்கும், விசாரணை நடக்கும் இடத்துக்குப் போய்வரும் செலவைத் தர வேண்டும். பெண் சாட்சியும் 60 வயதைக் கடந்தவரும் தாங்கள் விரும்பும் ஒரு துணையை அழைத்து வரலாம். அந்தத் துணைக்கும் செலவுத்தொகை உண்டு. போக்குவரத்து வசதி செய்வது மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்களின் பொறுப்பு. பணத்தை உடனே, அல்லது மூன்று நாளுக்குள் தர வேண்டும் என்றும் விதி சொல்கிறது. கேட்காமல் யாரும் தர மாட்டார்கள். மனு எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக் கேளுங்கள்.

கல்லூரியில் படிக்கும் தோழர்கள் எங்களோடு வேலை செய்ய வரும்போது என்ன படிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். சட்டம் படியுங்கள். அதோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஸ்டெப்னி மாற்றவும் பல்பு மாற்றவும் கற்றுக்கொள்ளுங்கள். பெண் தோழர்கள் கட்டாயம் வாருங்கள். எங்கள் வண்டியின் டேஷ்போர்டுப் பெட்டியில் ஒரு ஸ்டார் ஸ்குரூடிரைவர், 10 எம்.எம். ஸ்பேனர், இரண்டு இன்டிகேட்டர் பல்பு, ஒரு டார்ச், பெட்ரோல் ரசீதுகளை ஒட்டிவைக்க ஒரு நோட்டு இருக்கின்றன. உங்கள் வண்டியிலும் வையுங்கள்.